உன் பென்சில் குறிப்புகள்

இன்று மாலை ராஜபாளையத்தில் பேருந்து நின்றபோது, ஒரு பெண் பேண்டேஜ் துணிக் கட்டோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளுத்த துணியின் மருந்து வாடை. உன் கைகளிலும் அதே வாடைதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

பகலெல்லாம் உனக்குப் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை. சாயங்காலம் வரைவாய், வரைவதற்கு முன் படிப்பாய். மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிய ஓவியப் புத்தகங்கள், பெரும்பாலும் ஆங்கிலம். பக்கத்தில் அகராதி. படத்தின்மேல் துணித்துண்டைப் போட்டு மூடிவிட்டு எழுத்தை மட்டும் வாசிப்பாய். அந்த ஓவியம் எப்படி இருக்கும் என்று நீயாக வரைந்து பார்த்த பிறகுதான் துணியை எடுப்பாய். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

"எதுக்குடி இம்புட்டுப் பாடு?" என்று கேட்டேன்.

"மொதல்லயே பாத்துட்டா வரைஞ்சவன் கண்ணுதான் எனக்கும் வரும்."

சுவரோவியங்கள் பற்றிய தடித்த புத்தகம்தான் உனக்கு உயிர். அட்டை போய்விட்டது, படமெல்லாம் கறுப்பு வெள்ளை. ஓரங்களில் பென்சிலில் உன் தமிழ்க் குறிப்புகள். அப்போது நான் கல்லூரி ஆசிரியை. எழுதத் தெரியும், பார்க்கத் தெரியாது. புத்தகங்களைக் கேட்டதும் ஒரு பை நிறையக் கொடுத்தாய். "மெதுவாப் படி, அவசரமில்ல" என்றாய்.

ஓவியம் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதினேன். உன் குறிப்புகளை எடுத்துக்கொண்டு வினைமுற்றுகளை மட்டும்தான் மாற்றினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வெளியீட்டு விழா. அச்சகத்தார்வரை நன்றி சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த உன் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லோரும் போன பிறகு என் புத்தகத்தோடு வந்தாய்.

"ஏட்டி, இந்தப் பக்கத்துல சேலை செவப்புன்னு எழுதியிருக்க. அது பச்ச. கறுப்பு வெள்ளப் படத்தப் பாத்து நானா செவப்புன்னு நெனச்சு எழுதுனது. பொறவு வேற புத்தகத்துல கலர்ல பாத்தேன். திருத்தலாம்னா எம் புத்தகம் உங்கிட்ட இருந்துச்சு."

குரலில் கோபமே இல்லை. "பஸ் வந்துரும், வாரேன்" என்று போய்விட்டாய்.

உன் புத்தகங்களை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினேன். அதன்பின் நீயும் வரவில்லை, நானும் வரவில்லை. மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சேர்ந்த செய்தி போனில்தான் வந்தது. துக்கம் கேட்கப் போனபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாரவுகட்ட எல்லாம் ஒம் புத்தகத்தக் காட்டுவா. எங் கூட்டாளி எழுதுனதும்பா" என்றார். நான் அங்கே காபிகூடக் குடித்தேன்.

போன வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. சிவப்பைப் பச்சையாக்கினேன். முன்னுரையில் உன் பெயரை எழுதினேன். இந்தத் திருத்தம் உன்னுடையது என்றால், மற்றதெல்லாம் யாருடையது என்று கேட்பார்கள் எனப் பட்டது. பெயரை அடித்துவிட்டேன்.

தவறை நானே கண்டு திருத்திய நேர்மையைப் பாராட்டி ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் போடவில்லை. கிழித்தெறியவும் மனம் வரவில்லை. கைப்பையில்தான் வைத்திருக்கிறேன்.