ஏழாம் எண் வால்வு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? அப்பாவின் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. படுத்த இடத்திலிருந்தே ஊரை ஆண்டுகொண்டிருக்கிறார். எங்கள் கம்பெனி தேசியத் தர விருது வாங்கிய போட்டோவைத் தலைமாட்டில் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடுவில் நிற்பது என் பெண்டாட்டி என்று சொல்லி அவர்கள் தலையைத் தின்கிறார். விருது வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் அவருக்கு அலுக்கவில்லை.

உன் கடிதம் இன்று காலை வந்தது. புதுக் குடித்தனத்துக்கு கேஸ் அடுப்பு வாங்கினாயாம். பெட்டியில் விருது முத்திரை இருந்ததால் நம் கம்பெனி வால்வு என்று தெரிந்துகொண்டாயாம். வால்வின் பின்பக்கம், சோதித்தவர் எண் குத்தும் இடத்தில், என் எண் ஏழு இருந்ததாம், அம்மா கையைத் தொட்டமாதிரி இருந்ததாம். அதைப் படித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த விருது எப்படி வந்தது தெரியுமா? விருதுக்காகச் சோதனை செய்ய வந்த அம்மாள் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புத் தொட்டியைப் பார்த்தார். கழித்துப் போட்ட வால்வு நிரம்பி வழிந்தது. ஏன் இவ்வளவு என்று கேட்டார். ஒவ்வொன்றையும் தண்ணீரில் முக்கி, காற்று விட்டு, அரை நிமிஷம் எங்காவது கசிந்து குமிழி வருகிறதா என்று பார்க்கிறோம், பார்ப்பதால்தான் இவ்வளவு என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்றைக்கு முதலாளி கண் கலங்கினார். நல்ல மனுஷன்தான், ஆரம்பத்தில் என்னோடு உட்கார்ந்து அவரும் வால்வைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தவர்.

விருது வந்தபிறகு எங்கெங்கிருந்தோ ஆர்டர். ஒரு நாளைக்கு நானூறு வால்வு பார்த்த இடத்தில் ஆயிரம் கேட்டார்கள். விருது வாங்கிய கம்பெனியில் இவ்வளவு கழிவா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி சிவப்புத் தொட்டியை எடுத்துவிட்டு ஒரு சின்ன டப்பா வைத்தார்கள். டப்பா நிறைந்தால் சோதிக்கிற பெண்களுக்குத் திட்டு. டப்பா எப்படி நிறையும், சொல்?

நான் கத்தினேன். மறுநாளே எனக்குப் பதவி உயர்வு! அக்கா, நீங்கள் நின்று கஷ்டப்பட்டது போதும் என்றார் முதலாளி. இப்போது நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, விருது வாங்குவது எப்படி என்று பார்க்க வரும் கம்பெனிக்காரர்களைச் சுற்றிக் காட்டுகிறேன். தினமும் பதினோரு மணிக்குச் சோதனை அறையின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வால்வும் அரை நிமிஷம் என்று சொல்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்கள் ஐந்து எண்ணுவதற்குள் வால்வைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? நானும்தான் ஏழு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். என் சம்பளத்தில்தானே வீடு ஓடுகிறது. அலுத்துவிட்டதடி, உடம்பைவிட வாய் அலுத்துவிட்டது.

எண் குத்தும் என் அச்சை என்னிடம் திருப்பித் தரவில்லை. விருதுக்குக் கொடுத்த காகிதத்தில் சோதிப்பவர் எண் ஏழு என்று இருக்கிறதாம், அதனால் என் இடத்துக்கு வந்த பெண் அதையே குத்துகிறாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று அவள் மேஜையிலிருந்து அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குத் தேடுவார்கள். நான்தான் எடுத்தேன், தரமாட்டேன் என்று சொல்லப்போகிறேன். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும் என்று இதை உங்கள் ஊருக்கு வரும் நம் கம்பெனி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்த உடனே சிலிண்டரை மூடு. ஜன்னலைத் திற. அந்த அடுப்பைக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடு. விருது முத்திரை போட்டதையா வேண்டாம் என்கிறீர்கள் என்று சிரிப்பான், சிரிக்கட்டும். விருதுக்கு முன்னால் வந்த, முத்திரை இல்லாத பழைய பெட்டி ஏதாவது மூலையில் கிடந்தால் அதைக் கேட்டு வாங்கு. அதில் ஏழு இருந்தால் அது நான். உன்னிடம் இருக்கிற ஏழு நான் இல்லை, கண்ணே.

நன்றாக இரு. அடுப்பை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதி அதே டிரைவரிடம் கொடுத்தனுப்பு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உன்
அம்மா