நீ போட வேண்டிய மூன்றாவது முடிச்சு

அக்கா,

இன்று ஆடிப்பெருக்கு. என் பெண்டாட்டி தாலிக்கயிறு மாற்றினாள். புதுக் கயிற்றின் மஞ்சள் வாசம் வீடெல்லாம் நிற்கிறது. அவளிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. மாடிக்கு வந்து உனக்கு எழுதுகிறேன்.

ஒருமுறை நான் விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்தபோது, ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே நீ கேட்டாய்: "அப்படி என்னத்தலே ஆராய்ச்சி பண்ணுதே?" செல்லுக்குள் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியா பழுதானால் செல் அதை எப்படி அப்புறப்படுத்துகிறது என்பதுதான் என் வேலை என்றேன். "கெட்டுப்போச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாய். என் பேராசிரியர்கூட அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பிங்க் என்றொரு புரதம். நல்ல மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்து அழித்துவிடும். பழுதானதற்கு இழுக்கத் தெம்பிருக்காது, புரதம் வெளியிலேயே குவியும். உடனே பார்க்கின் என்ற இன்னொரு புரதம் வந்து அதன்மேல் அடையாளம் ஒட்டும். பிறகு செல் அதைப் பொதிந்து கரைத்துவிடும். அவசரப்பட்டு ஒட்டியதைச் சுரண்டி எடுக்கவும் ஒரு புரதம் உண்டு. "அது புத்தியுள்ள பயலா இருக்கானே" என்று ராட்டையை நிறுத்திச் சிரித்தாய்.

அப்போது மடியில் சும்மா கிடந்த உன் வலது கை நடுங்கியது. உனக்கு முப்பத்தாறு வயது. பிங்க்கோ பார்க்கினோ பிறவியிலேயே கோளாறாக இருந்தால் இளவயதிலேயே நடுக்குவாதம் வரும் என்று அறிந்தவன் நான். "இது என்னலே?" என்று கையைக் காட்டினாய். "மெலிவுதான், அக்கா. சத்து மாத்திரை சாப்பிடு" என்றேன்.

எனக்குப் பெண் பார்த்து முடிவாகிற நேரம். பரம்பரை நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் சொல்லி மழுப்ப மாட்டேன்.

மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா போடுவது. கல்யாணத்துக்கு முந்தின நாள், சித்தி மகள் போடட்டும் என்று உன்னிடம் சொன்னேன். "சரிலே, ஒனக்கு எது தோதோ அப்படியே செய்" என்றாய். நான் தாலி கட்டும்போது பட்டுச்சேலையில் பின்வரிசையில் நின்றாய், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் கடத்தித்தான் உன்னைத் திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் நடுக்கம் அடங்கி, நீயே ஊசியில் நூல் கோத்தாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

போன வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். ஒரு வார்த்தை மன்னிப்பு நான் கேட்கவில்லை. டாக்டர் அறையில் நீ சொன்னதுதான் என்னோடு இருக்கிறது. "இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது டாக்டர். தம்பி படிக்கது வேற என்னமோ."

நான் என்ன படிக்கிறேன் என்று நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும், அக்கா.