ஷாக் பெட்டியின் மேல் வைத்த பொட்டு

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பழனிசாமி அண்ணனுக்கு,

உங்கள் தறிகளைக் கவனிக்கப் புதிய ஃபிட்டர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் ஆபீஸ் பக்கம் வந்தால், "ஏனம்மணி, சாப்டாச்சுங்களா?" என்று கேட்பதில்லை. சேலத்திலிருந்து குமாரபாளையத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உங்களிடம் சொன்னதே இல்லை.

சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் மில்லில் ஷாக் பெட்டி மாட்டியது நினைவிருக்கிறதா? துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டதால் வந்தது. நின்றுபோகும் இதயத்துக்கு ஷாக் கொடுத்து மறுபடி ஓடவைக்கும் மெசின். பச்சை விளக்கு சிமிட்டினால் தயார், சிவப்பென்றால் பழுது. திங்கட்கிழமைதோறும் அதைப் பார்ப்பதும், பேட்டரியையும் நெஞ்சில் ஒட்டும் பட்டைகளையும் காலாவதியாகும் முன்பே மாற்றச் சொல்வதும் என் பொறுப்பு.

ஆயுத பூஜையன்று எல்லாத் தறிக்கும் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினீர்கள். "அதுவும் மெசின்தானுங்க அம்மணி. வேதக்காரப் புள்ள கையால ஒண்ணு வெய்யுங்க" என்றீர்கள். மெசின் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கும் என்பதால் கண்ணாடியின் மேலேயே வைத்தேன். பெரிய பொட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்குக்கு நேராக அது விழுந்து மறைத்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் கவனித்தேன். ஆமாம் அண்ணா, கவனித்தேன். துடைக்கத் துணி எடுத்துக்கொண்டுதான் போனேன். சுற்றிலும் ஆட்கள். கிறிஸ்தவப் பெண் பூஜைப் பொட்டை அழிக்கிறாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? துணியை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். தானாக உதிர்ந்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு வந்த வாரங்களில் பெட்டியைப் பார்த்தேன், விளக்கைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்திருந்தால் போதும். அதற்குக்கூட எனக்கு என்ன கேடு?

பேட்டரி எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. மெசின் எச்சரிக்கைச் சத்தம் கொடுத்திருக்கும். தறிச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? மாசி மாதம் நீங்கள் தறிக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தபோது, உங்கள் கூட வேலை பார்த்த சேகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று குரலில் சொல்லித்தரும் மெசின் அது; நான் உங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டே, பேசும், பேசும் என்று காத்திருந்தேன். அது வாயே திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றி அழுத்தினோம்.

மெசின் ஓடியிருந்தாலும் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேட்டரி கோளாறு என்று முதலாளி முடித்துவிட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும், அந்தப் பொட்டை நான் துடைத்திருந்தால் உங்களில் ஒருவர்கூடத் தப்பாக நினைத்திருக்க மாட்டீர்கள். நானே ஒரு பயத்தைக் கற்பனை செய்து, அதை உங்கள் உயிரைவிடப் பெரிதாக்கிவிட்டேன்.

போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கள்ல யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா தொடச்சிருப்பமே" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது புது மெசின் வந்திருக்கிறது. சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து கேன்டீன் வாசலில் மாட்டச் சொன்னேன். இந்தத் திங்கட்கிழமை அதைப் பார்க்கப் போனபோது, நம் மில்லிலேயே துணி மடிக்கும் பிரிவில் வேலை செய்யும் அண்ணி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பச்சைன்னா எது? காட்டுங்க."

காட்டினேன்.

"அன்னைக்கு இது எரிஞ்சிருந்தா, அவரு இருந்திருப்பாருங்களா?"

"தெரியலைங்க அண்ணி. ஆனா ஒரு வழி இருந்திருக்கும். அதை நான்தான் அடைச்சுட்டேன்."

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இனி திங்கக்கெழமை நானும் வாரேன். நீங்க மட்டும் பாத்தாப் பத்தாது" என்றார்.

அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும் அண்ணா. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அண்ணி வந்து நிற்கும் எந்தத் திங்கட்கிழமையும் நான் லீவு போட்டு ஒளிந்துகொள்ள மாட்டேன். அவர் கண்முன்னாலேயே விளக்கைப் பார்த்து, பச்சையா சிவப்பா என்று வாய்விட்டுச் சொல்வேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
ஸ்டெல்லா