ராணிக்கு ஆள் தேடிய கதை

3 அக்டோபர் 1943, சுங்கை லாலாங் ரப்பர் தோட்டம், மலாயா

தீபாவளிக்குப் பெண்களே நடிக்கும் நாடகம் போட வேண்டும் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அழகேசனிடம் கேட்டேன். கதை நான் எழுதியது. ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடம் சும்மாதானே கிடக்கிறது?

"மரவள்ளி தின்னுட்டுக் கெடக்கற காலத்துல உனக்கு ஆம்பிஷன் ஜாஸ்தி லா, நவமணி" என்று சிரித்தார்.

திட்டினாரா, புகழ்ந்தாரா? ரப்பர் பால் வெட்டுகிறவளுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்!

4 அக்டோபர்

போய் அர்த்தம் கேட்டேன். "பெரிசா ஒண்ணு செய்யணும்னு விடாம தொரத்தறது" என்றார்.

எங்கிருந்து வந்த சொல்? அவருக்கும் தெரியவில்லை. கோழிக்கூண்டுக்கு அடியில் ஒளித்துவைத்த அகராதியை எடுத்தார். இங்கிலீஷ் புத்தகம் ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் அறைதான்.

"லத்தீன்ல இதுக்குச் சுத்தி நடக்கறதுன்னு அர்த்தமாம். அந்தக் காலத்து ரோமாபுரியில பதவி வேணும்னா ஜனங்கள சுத்தி வந்து ஓட்டுக் கேப்பாங்களாம்."

அட, நடப்பதுதானா! மரம் மரமாக நடக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

"நடந்து ஆள் சேத்துட்டா கூடம் தருவீங்களா, கிராணி?"

தலையாட்டிவிட்டார்!

7 அக்டோபர்

தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சுற்றினேன். பிரேமாவதிக்கு மந்திரி வேஷம். "புருஷன் அடிப்பான்" என்ற மருதம்மாள், சாயங்காலம் அந்தப் புருஷனையே மேளம் அடிக்கக் கூட்டிவந்தாள். ராணிக்குத்தான் ஆள் இல்லை.

8 அக்டோபர்

காளியம்மா அக்காவிடம் கேட்டேன். புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. கதவைச் சாத்திவிட்டாள். சே, ஏன் போனேன்?

11 அக்டோபர்

மறுபடியும் போனேன். நாடகப் பேச்சே எடுக்கவில்லை. கூட உட்கார்ந்து மரவள்ளி உரித்தேன். கிளம்பும்போது அவளே கேட்டாள்.

"அந்த ராணிக்கு என்னடி வேலை?"

"ராஜாவ ஏசறது, அக்கா."

"ராஜா யாரு?"

"நாந்தான்."

ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வரேன்."

25 அக்டோபர்

தேங்காய் நாரில் மீசை. அரித்துக் கொல்கிறது.

28 அக்டோபர், தீபாவளி

புகைக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காளியம்மா அக்கா வசனம் மறந்து நின்றுவிட்டாள். அப்புறம் மெல்ல இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ், ராஜான்னா பெரிய இவனா? கஞ்சி ஆறுது. குடிச்சுட்டுச் சண்டைக்குப் போ!"

நான் எழுதாத வசனம்! முன்பு புருஷனை ஏசிய அதே குரல். ஜனம் சிரித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. மீசை பாதி தொங்க நானும் சிரித்துவிட்டேன் — ராஜா சிரிக்கலாமா?

திரைக்குப் பின்னால் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

1 நவம்பர்

பக்கத்துச் சிடாம் கிரி தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் நடந்தே வந்தார்கள். அங்கேயும் நாடகம் போட வேண்டுமாம். ராணி கட்டாயம் வர வேண்டுமாம்.

அக்காவிடம் சொல்ல ஓடினேன். செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது போல. துவைத்த ராணிச் சேலை அவள் வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.