கரடிமலைத் தீயின் பொருட்டு விடுத்த ஓலை

திரு நிலைக்க, மழை பொழிய, குடி தழைக்க. பொன்னெயில் நாடு காக்கும் நெடுங்கீர வேந்தன், வடவெல்லைக் கோட்டைகளின் தலைவர் அனைவருக்கும் எழுதி விடுத்தது. உங்கள் மதில்கள் உறுதியாய் நிற்க. உங்கள் கிணறுகள் வற்றாதிருக்க.

கணவாய்க் கோட்டைத் தலைவன் சேந்தனுக்கு நேர்ந்ததை நீவிர் அறிதல் வேண்டும்.

கரடிமலை முகட்டில் அந்திதோறும் தீ எரியக் கண்ட சேந்தன், மலைக்குடியினர் பகைவர்க்கு அடையாளம் காட்டுகின்றனர் என்றே உறுதி கொண்டான். தன் படையிலிருந்த மலைவீரரையும் நம்பாமல் அவர்தம் வேல்களைப் பறித்து வைத்தான். அவர்கள் சமைத்த சோற்றை நாய்க்கு இட்டுப் பார்த்த பின்னரே உண்டான். மலைக்குடித் தலைவி கொற்றியைப் பிடித்துவரச் செய்து, தீ மூட்டச் சொன்னவன் யார், அதற்குக் கைம்மாறு யாது என மாற்றி மாற்றி வினவினான். அவள் வாய் திறக்கவில்லை. அதுவே குற்றத்துக்குச் சான்று என்று எண்ணினான்.

கேட்டுக் கேட்டு ஓய்ந்து அவள் எதிரே அமர்ந்தபோதுதான் அவள் பேசினாள். அவள் வாய்மொழியை அவ்வாறே எழுதுவித்தோம்:

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்பங்கய்யா சொல்றது? எங்க புள்ளைங்க உங்க மதில்ல காவல் நிக்குது. ஆத்தா இருக்கேன்னு காட்டத்தான் வீட்டுக்கொரு தீ. அதுங்களும் பந்தத்தத் தூக்கிக் காட்டும். எம் மவன் வேம்பன் மட்டும் காட்டமாட்டேங்குறான். எம்மேல கோவமா?"

வேம்பன் சென்ற கார்காலத்துக் காய்ச்சலில் இறந்துபோனவன். மலைவீரர்க்கும் விடுப்புத் தராமல், மலையேறிச் சொல்ல ஆள் அனுப்புவது வீண் என்று அன்று விட்டுவிட்டவன் சேந்தனே. தன்னை உருக்க அவள் போடும் வேடமோ என்று மீண்டும் ஐயுற்றான். ஆயினும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் இயலவில்லை. நடந்ததைச் சொன்னான்.

மகனின் கடைசி நேரத்தில் அருகே யார் இருந்தார் என்று அவள் கேட்டாள். சேந்தனுக்குத் தெரியவில்லை. மலைவீரரை அழைத்தான். அவர்கள் வேம்பனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவள் கேட்டு அழுதாள். சேந்தனும் இடைமறியாமல் கேட்டிருந்தான். தன் மதிலில் நின்றவன் யாரென்று அன்றுதான் அறிந்தான்.

எழும்போது அவள் சொன்னாள்: "ஒரு பொய் சொல்லி என்னய அனுப்பியிருக்கலாம். நீங்க அனுப்பல. அதனால சொல்றேன். முகட்டுக்கு அந்தப் பக்கம், ஓடப் பள்ளத்துல புகை தெரியுது. அது எங்களுது இல்ல."

பொறிக்குள் இழுக்கிறாளோ என்ற அச்சம் சேந்தனை விடவில்லை. அச்சத்தோடேயே மலைவீரரிடம் வேல்களைத் திருப்பிக் கொடுத்து, அவர்களை முன்னே நடக்கவிட்டுப் பின்சென்றான். பள்ளத்தில் பகைவர் பதுங்கியிருந்தனர். கணவாய் நமதாகவே நின்றது.

வெற்றி விருந்துக்குக் கொற்றி வரவில்லை. மகனைப் புதைத்த இடத்தில் இருந்தாள். சேந்தன் விருந்தை விட்டு அங்கே போய் அமர்ந்தான். அவன் வந்ததை அவள் விரும்பினாளா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

ஆதலின் எம் ஆணை இது: கோட்டையில் ஒரு வீரன் இறந்தால், கோட்டைத் தலைவனே சென்று அவன் தாயிடம் சொல்லுக. அவள் பேசி முடிக்குமட்டும் எழாதிருக்க. இது செய்யாதவன் மதில்மேல் எம் கொடி பறவாது.

கலைமான் பொறி ஒற்றினோம். ஓலை கண்டார் இதன்வழி நிற்க.