மூணு ஸ்டாண்டுக்கும் ஒரே சத்தியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதறது. சாமி புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம், உன் சித்தப்பாவோட முழங்காலைக் கணக்குல சேர்க்காம சொல்றேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினமும் விளக்கேத்தும்போது உங்களைச் சொல்லிட்டுத்தான் எனக்கு வேணுங்கறதைக் கேக்கறேன். போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. போன்ல நான் வாயைத் திறந்தா நீ நடுவுல சிரிக்கற, இல்லைன்னா மீட்டிங் வந்துடுச்சு சித்தின்னு வச்சுடற. கடுதாசியில உன்னால குறுக்கப் பேச முடியாது. அக்கா உன்னை என் மடியில விட்டுட்டுப் போன நாள்ல இருந்து உன்கிட்ட நான் பேசி ஜெயிச்சதே இல்லை, இன்னைக்காவது முழுசாப் பேசிக்கறேன்.

மூணு வாரம் முன்னாடி போன்ல நீ சொன்னது எனக்குத் தொண்டையில மாத்திரை மாட்டிக்கிட்ட மாதிரி அப்படியே நிக்குது. நம்ம வண்டி நிறுத்தற ஸ்டாண்டு காலியாக் கிடக்குன்னு நான் அழுதா, அது போட்டி சித்தி, போட்டி நல்லதுதான்னு சொல்லிச் சிரிச்ச. அடுத்த மூச்சுலயே, இடத்தைப் பக்கத்து ஸ்டாண்டு மீசைக்காரருக்கே விட்டுட்டு இங்க வந்துடுங்க, மாசக் கடைசிக்குள்ள சொன்னா டிக்கெட் போட்டுடறேன்னும் சொன்ன. நல்லதுன்னா எதுக்குடி நான் இடத்தை விடணும்? சித்தப்பாவும் உன் கட்சிதான், முழங்காலைத் தேச்சுக்கிட்டே புள்ள சொல்றது சரிதானேங்கறார். நான் படிச்சது ஊர்ப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும்தான், உன் ஆபீஸ்ல சொல்ற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா நடந்ததைச் சொல்றேன், நீயே கேட்டுக்கோ.

ஸ்டேஷன் வாசல்ல நாம மட்டும் வண்டி ஸ்டாண்டு வச்சிருந்த காலத்துல நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து டோக்கன் கிழிச்சுக் குடுத்திருக்க. அப்ப வண்டிக்குப் பத்து ரூபான்னா பத்து, யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க, கேட்டுட்டு மட்டும் வேற எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்க. அப்புறம் பழைய மரக்கடை இருந்த இடத்துல மீசைக்காரன் ஸ்டாண்டு போட்டான். முகத்துக்கு நேரா தம்பின்னுதான் கூப்பிடறேன், எழுதும்போது கை மீசைக்காரன்னுதான் போகுது. அது போதாதுன்னு எதிர்ச்சாரியில கண்ணாடி அக்கா, அதான் ரிடையர் ஆன லாரி டிரைவர் சம்சாரம், வீட்டு முன்னாடி காலி இடத்துல கயிறு கட்டி மூணாவது ஸ்டாண்டு போட்டாங்க. மீசைக்காரன் ஒன்பதுன்னு அட்டையில எழுதித் தொங்கவிட்டான். நான் எட்டுன்னு எழுதினேன். கண்ணாடி அக்கா ஏழுன்னு எழுதி ஓரத்துல பூப்படம் வேற போட்டாங்க. இப்படியே இறங்கி இறங்கி அஞ்சுல வந்து நின்னுச்சு, அதுல டோக்கன் அச்சடிச்சு, இடத்துக்கு வாடகையும் குடுத்தா கையில மிச்சம் தூசிதான். தினமும் ரயிலுக்குப் போற சனங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, நடுரோட்டுல காலை ஊனிக்கிட்டு மூணு அட்டையையும் நிதானமாப் படிச்சுட்டு அப்புறம்தான் ஹேண்டிலைத் திருப்பினாங்க. வருஷக்கணக்கா அக்கா அக்கான்னு கூப்பிட்டவங்க ஒரு காசு வித்தியாசத்துக்கு என் முகத்தைப் பார்க்காம தாண்டிப் போனாங்க.

சாமிதான் புத்தி குடுத்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு நான்தான் ரெண்டு பேரையும் நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டேன். விளக்கேத்தி வச்சு, இனிமே செத்தாலும் பத்துக்குக் கீழ இறங்கறதில்லைன்னு மூணு பேரும் சாமி முன்னாடி சத்தியம் பண்ணினோம். மீசைக்காரன் உருகினதைப் பார்க்கணுமே, மீசை நனைஞ்சு போச்சு. சண்டை முடிஞ்சுதுன்னு சித்தப்பாகிட்ட சொன்னா, அவர் பஞ்சர் ஒட்டிக்கிட்டே, சாட்சிக்கு வந்த சாமி டோக்கன் கிழிக்கவும் வருமான்னு கேக்கறார், இந்த மனுஷனுக்கு எப்பவும் எகத்தாளம். மறுநாள் காலையில மூணு அட்டையும் ஒரே மாதிரி பத்துன்னு தொங்குது. ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணு, உனக்குத் தெரியும், நீலக் கலர் வண்டி, அவ மூணையும் பார்த்துட்டு என்கிட்ட வந்து, மூணு பேரும் கூடிப் பேசிட்டீங்களா ஆன்ட்டின்னு கேட்டா. நான் கொஞ்சங்கூடக் கூசாம, ஆமாம்மா, சாமி முன்னாடின்னு சொன்னேன். எங்களையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, காசு குடுக்கறது நாங்கதானேன்னு சொல்லிட்டு டோக்கனை வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கு எனக்கு அவ மேல கோவம்தான் வந்துச்சு, வாயாடின்னு திட்டினேன்.

சத்தியம் பண்ணிட்டா எல்லாரும் அவங்கவங்க இடத்துல சும்மா உக்காந்திருப்பாங்கன்னு நான் நினைச்சேன் பார், என் புத்தியைச் சொல்லணும். பத்தே நாள்தான், மீசைக்காரன் ஸ்டாண்டு முழுக்கப் பச்சை வலை கட்டி நிழல் பண்ணிட்டான். கையில துணியோட நின்னுக்கிட்டு ஒவ்வொரு வண்டி சீட்டையும் துடைக்கறான், டயருக்குக் காத்து வேற சும்மாவே அடிச்சு விடறான். கண்ணாடி அக்கா விடுவாங்களா, ஹெல்மெட் வைக்கப் பலகை அடிச்சாங்க, குடிக்கத் தண்ணிப் பானை வச்சாங்க. நான் மட்டும் சத்தியத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தேன். நம்ம ஸ்டாண்டுல பின் வரிசை காலி, அப்புறம் நடு வரிசை காலி. கடைசியில நர்ஸ் பொண்ணும் வந்து, நீங்க நல்லவங்கதான் ஆன்ட்டி, ஆனா சாயந்தரம் சீட்டுல உக்கார்ந்தா இஸ்திரிப் பெட்டி மேல உக்கார்ற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு அங்க போயிட்டா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நேரா மீசைக்காரன்கிட்ட போய், சாமிக்குப் பயப்படாத ஜென்மம் நீன்னு கத்தினேன். அவன் துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு, அக்கா, பத்துல ஒரு காசு குறைச்சேன்னா என்னைச் செருப்பால அடிங்க, சீட்டைத் துடைக்கக்கூடாதுன்னு நாம எப்ப சத்தியம் பண்ணினோம்னு கேக்கறான். நான் விறுவிறுன்னு திரும்பி நடந்துட்டேன். பின்னாலேயே வந்து, உடம்பு முடியலைன்னா இடத்தை நானே எடுத்துக்கறேன் அக்கான்னு இரக்கம் வேற படறான். அந்த ஆத்திரத்துலதான் உனக்குப் போன் பண்ணினேன், நீயும் சிரிச்ச.

இதுல காய்க்காரி வேற. அவகிட்ட போய் என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டே, தக்காளி தெருமுனை வண்டியில உன்னைவிடக் குறைச்சலா இருக்கே, நீயும் போட்டுக் குடுன்னு பழக்கதோஷத்துல கேட்டுட்டேன். அவ தராசைக் கீழ வச்சுட்டு, ஏங்க்கா, நீங்க தினம் எனக்குப் பண்றதைத்தானே உங்க சனங்க உங்களுக்குப் பண்றாங்க, அதுக்கு நீங்க அழுதா நான் யார்கிட்ட போய் அழறதுங்கறா. கடைத்தெருவே சிரிச்சுது. நான் அவ சொன்ன விலைக்கே வாங்கிட்டு வந்தேன், அதுல ரெண்டு சொத்தை.

அப்பதான் அந்தச் சாயந்தரம் வந்துச்சு. ரயில் ஏதோ கோளாறுன்னு நின்னு நின்னு மூணு ரயில் சனமும் ஒண்ணா வந்து இறங்குச்சு. நம்ம ஸ்டாண்டுல இருந்த கொஞ்ச வண்டியும் சுருக்கா வெளிய போயிடுச்சு. மீசைக்காரன் ஸ்டாண்டுல ஒரே கூச்சல். ஆசையில நடுவழியெல்லாம் வண்டியை அடைச்சு வச்சிருக்கான், ஒண்ணை எடுக்கணும்னா ஒன்பதை நகர்த்தணும். ஒருத்தர் ஹேண்டில் இன்னொருத்தர் கண்ணாடியில மாட்டிக்கிச்சு, அடிதடி ஒண்ணுதான் பாக்கி. நர்ஸ் பொண்ணு ஓடி வந்து, ஆன்ட்டி, குழந்தையைக் காப்பகத்துல விட்டிருக்கேன், மூடற நேரம் தாண்டிப் போச்சு, வண்டி சுவரோரம் மாட்டிக்கிச்சுன்னு அழறா. எனக்குப் பொறுக்கலை. முந்தானையைச் சொருகிக்கிட்டு அவன் ஸ்டாண்டுக்குள்ள போயிட்டேன். நீ வண்டி நிறுத்தறியா விறகு அடுக்கறியா தம்பி, முதல் ரயில்ல திரும்பி வர்றவங்களை வாசலோரம் விடணும், கடைசி ரயில்காரங்களைச் சுவரோரம் விடணும், காலையில டோக்கன் குடுக்கும்போதே எந்த ரயில்ல வருவீங்கன்னு வாயைத் திறந்து கேக்கணும், நடுவுல ஒரு வழியை உயிரே போனாலும் அடைக்கக்கூடாதுன்னு கத்திக்கிட்டே ஒவ்வொரு வண்டியா இழுத்து விட்டேன். சித்தப்பாவும் அந்த முழங்காலோட வந்து நின்னு பின்னால பிடிச்சுக் குடுத்தார். நர்ஸ் பொண்ணு வண்டி வெளிய வந்ததும் நன்றி சொல்லக்கூட நிக்காம பறந்துட்டா. மீசைக்காரனும் நான் சொன்னபடி இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்தான்.

மறுநாள் காலையில அவ நம்ம ஸ்டாண்டுல வந்து வண்டியை நிறுத்தினா. இத்தனை வருஷமா எடுத்த உடனே கிளம்பினேன், அது நீங்க பண்ணி வச்சதுன்னு அங்க போய் மாட்டினப்பதான் தெரிஞ்சுது ஆன்ட்டி, ஆனா ஒரு வலை மட்டும் கட்டிடுங்க, சுடுதுன்னா. அவ பின்னாலேயே இன்னும் கொஞ்சம் பேர் வந்தாங்க. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் பாப்பா. அப்ப நான் இத்தனை நாளா வித்தது என்னன்னு எனக்கே தெரியலை, விலையை மட்டும் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு சாமியை வேற தொந்தரவு பண்ணியிருக்கேன். அதைவிடப் பெரிய எரிச்சலைக் கேளு. அடுத்த வாரம் மீசைக்காரன் ஸ்டாண்டை எட்டிப் பார்த்தா, நடுவுல சுண்ணாம்பால ரெண்டு கோடு போட்டு வழி விட்டிருக்கான், வாசல்ல நின்னுக்கிட்டு எந்த ரயில் சார், எந்த ரயில் மேடம்னு என் வாயால நான் சொன்னதையே கேட்டுக்கிட்டு இருக்கான். நம்மகிட்ட இருந்த ஒரே வித்தையை ஆத்திரத்துல நானே தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்திச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன், காசு வாங்காம. வேற வழி, நானும் சித்தப்பாவை ஏணியில ஏத்திப் பச்சை வலை கட்டிட்டேன். அவன் என் வரிசையை எடுத்துக்கிட்டான், நான் அவன் நிழலை எடுத்துக்கிட்டேன், நடுவுல அந்த நர்ஸ் பொண்ணுக்கு ரெண்டும் கிடைச்சிடுச்சு, அதே பத்துக்கு. நீ நல்லதுன்னு சொன்னது இதுதானாக்கும். யாருக்கு நல்லதுன்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேத்து மீசைக்காரனும் கண்ணாடி அக்காவும் சேர்ந்தே வந்தாங்க. வலைக்குச் செலவு, பலகைக்குச் செலவு, இடுப்பு ஒடியுது, பேசாம மூணு பேரும் பதினஞ்சுன்னு இன்னொரு தடவை சத்தியம் பண்ணிடலாம், நீங்கதானே அக்கா ஆரம்பிச்சு வச்சீங்கங்கறான். நான் யோசிக்கணும்னு இழுத்தேன். அதுக்குக் கண்ணாடி அக்கா, இவங்கதான் பொண்ணு வீட்டுக்குப் போகப் போறாங்களே, அப்புறம் நாம ரெண்டே பேர், பேசி முடிக்கறது சுலபம்னு அவன்கிட்ட மெல்லத்தான் சொன்னாங்க, என் காது உனக்குத் தெரியும். எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் டிக்கெட் எடுத்துக்கிட்டு உன் வீட்டு சோபாவுல வந்து உக்கார்ந்த மறுநாளே அந்த நர்ஸ் பொண்ணு பதினஞ்சு குடுக்கணும், அடுத்த வருஷம் இருபது, வலை கிழிஞ்சாலும் கட்டமாட்டாங்க, சீட்டு துடைக்கற துணியும் காணாமப் போயிடும், அவளுக்குப் போக வேற இடம் இருக்காது. இடத்தைத் தர மாட்டேன், வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். மறுபடியும் சாமி முன்னாடி நிக்கணும்னா நர்ஸ் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவ சரின்னா நானும் சரிங்கறேன்னேன். ரெண்டு பேரும் என்னைப் பைத்தியம்னு பார்த்துட்டுப் போனாங்க. சித்தப்பா மட்டும் சிரிச்சார், வழக்கமா எரிச்சல் வரும், நேத்து வரலை.

அதனால டிக்கெட் போடாதே. உன் மேல கோவம் இல்லை, ஆனா நீ சிரிச்சது சிரிச்சதுதான், மறக்கமாட்டேன். கண்ணாடி அக்கா இப்ப மழைக்குத் தகரக் கூரை போடறதாப் பேச்சு, இதுக்கு ஒரு முடிவே கிடையாது போலிருக்கு, சாமிகிட்ட கேட்டா அது பாட்டுக்கு எரியற விளக்கைப் பார்த்துக்கிட்டு இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டுப் படு, மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் நிறைஞ்ச வாழ்வோட, நோய் நொடி அண்டாம, நல்ல புள்ளைகளைப் பெத்து நீண்ட காலம் இருக்கணும்னு சித்தியும் சித்தப்பாவும் மனசாற வாழ்த்தறோம். இதுக்குப் பதில் கடுதாசியா எழுது, போன் பண்ணாதே. லீவு கிடைச்சா நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க, சித்தப்பா வண்டியை இங்க நிறுத்திட்டு ஊர் சுத்தப் போனா எந்த ரயில்ல திரும்பி வருவீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடு, வண்டிக்கு வாசலோரம் நிழல்ல இடம் வச்சிருக்கேன். உன்கிட்டயும் பத்து வாங்கிக்குவேன், குறைக்க முடியாது, சத்தியம் பண்ணியிருக்கேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெறாம வளர்த்த
சித்தி