அமுக்காத கடிகாரம்

ஞாயிறு, இரவு.

பிரிக்பீல்ட்ஸில் மூத்தோர் செஸ் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே என் கிள்ளான் நண்பன் சூசை. வென்றிருந்தால் கோப்பை எனக்கு.

சூசை குதிரையை நகர்த்திவிட்டு, தன் நேரத்தை நிறுத்தக் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டான். எங்கள் வயதில் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆட வேண்டியது நான், ஓடுவதோ அவன் நேரம். சொல்லியாக வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் கிள்ளானில் வாராவாரம் ஆடும்போது, "மணி, மணி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவோம். இன்று நான் யோசிப்பதுபோல் பலகையை முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் நேரம் கரைந்துகொண்டே போனது; தீர்ந்துவிட்டால் வெற்றி எனக்கு. கடைசியில் தாங்க முடியாமல் ஒரு காயை நகர்த்தி, "சூசை, டிரா பண்ணிக்கலாமா?" என்றேன். கை கொடுத்தான்.

அவன் காரில்தான் திரும்பினோம். ஷா ஆலம் தாண்டியது. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "அமுக்கலன்னு எனக்கு உடனே ஞாபகம் வந்திருச்சி லா. கையத் தூக்கப் போனேன். நீ ஓரக்கண்ணால கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்த. சரி, எப்பதான் சொல்றன்னு பாப்போம்னு விட்டுட்டேன்."



வாசலில் இறக்கிவிட்டு, வழக்கம்போல, "செவ்வாக்கிழம ஆட வரியா?" என்றான்.

அதை மட்டும் அவன் கேட்காமல் போயிருந்தால், இந்நேரம் தூங்கியிருப்பேன்.